கொழுந்து மடுவத்தில் ஒரு பரீட்சை

எங்கள் தேயிலைத் தோட்டப் பிரிவில் கைத்தொலைபேசிக்கு நல்ல கவரேஜ் கிடைக்கிற இடம் ஒன்றுதான் உண்டு. ரோட்டு வளைவில் இருக்கிற கொழுந்து மடுவம். பெண்கள் பறித்த கொழுந்தை நிறுத்து லொறியில் ஏற்றுகிற கொட்டகை அது. நாலு பக்கமும் திறந்தது, மேலே தகரம், நடுவில் தராசு. நாங்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்து வாசலில் நின்றால் ஃபோன் பேசலாம், ஆனால் படம் நகராது. பிள்ளைக் காம்பராவில் அதுவும் இல்லை. அதனால்தான் நான் என் வாழ்க்கையிலேயே மிகவும் பயந்த பரீட்சையை அந்த மடுவத்தில் எழுத நேர்ந்தது. எழுத என்று சொல்வது தவறு. எழுதுவதென்றால் பயந்திருக்க மாட்டேன். வாய் திறந்து சொல்ல வேண்டிய பரீட்சை அது.

பிள்ளைக் காம்பரா என்பது தாய்மார் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போன பிறகு அவர்களுடைய பிள்ளைகளை வைத்துப் பார்க்கிற இடம். இப்போது அதற்குச் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பெயர்ப் பலகை போட்டிருக்கிறார்கள். யாரும் அப்படிச் சொல்வதில்லை. நான் சாதாரண தரம் வரைக்கும் படித்தவள், கணக்கில் சித்தியடையவில்லை. கலியாணமாகி இந்தத் தோட்டத்துக்கு வந்து சில வருஷம் கொழுந்து பறித்தேன். பிறகு பிள்ளைக் காம்பராவில் ஒரு இடம் காலியானபோது என்னை அங்கே போட்டார்கள். எனக்குப் பெரியவர்களோடு பேச வராது. நாலு பேர் இருக்கிற இடத்தில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலே கழுத்து வரைக்கும் சூடேறும். பிள்ளைகளோடு அப்படி இல்லை. அங்கே போன பிறகுதான் நான் ஒரு நாளில் பத்து வார்த்தைக்கு மேல் பேசக் கற்றேன் என்று என் வீட்டுக்காரர் சொல்வார்.

தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தர் ஒருநாள் வந்து, பிள்ளைக் காம்பராவில் வேலை செய்கிறவர்கள் எல்லாரும் இனிமேல் சுகாதாரப் பயிற்சி முடித்திருக்க வேண்டும் என்றார். மருத்துவமாதுகளுக்கும் சுகாதாரப் பரிசோதகர்களுக்கும் நடத்துகிற மாதிரி, எங்களுக்கும் ஃபோன் வழியாக ஒரு வகுப்பு. வாரம் ஒருதரம் டாக்டர் பேசுவார். மற்ற நாட்களில் பாட வீடியோக்களைப் பார்த்துச் சிறு கேள்விகளுக்கு விடையைத் தொட வேண்டும். கடைசியில் டாக்டர் நேருக்கு நேர் கேட்பார். அதில் சித்தியடைந்தால் சான்றிதழ்.

"பாஸ் பண்ணலேன்னா?" என்று கேட்டது நானில்லை, பக்கத்துப் பிரிவில் இருந்து வந்த பெண்.

"பாஸ் பண்ணலேன்னா மலைக்குத்தான் போகணும். உயர்தரம் படிச்ச ஒரு புள்ள ஏற்கெனவே மனுப் போட்டிருக்கு" என்றார். கடுமையாகச் சொல்லவில்லை. மழை வரும் என்று சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

முதல் வகுப்பை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. ஃபோனை ஒரு பால்மா டின்னில் சாய்த்து வைத்து, மடுவத்துத் திண்டில் உட்கார்ந்திருந்தேன். திரையில் டாக்டர் மிஸ் வந்து வணக்கம் சொன்னதும் எழுந்து நின்றுவிட்டேன். டாக்டரோ தோட்டத்துத் தொரையோ பேசும்போது உட்கார்ந்திருக்க எங்களுக்குத் தெரியாது. டாக்டர் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்து, "இந்த இடத்துல ஒரு சேலை மட்டும் தெரியுது, ஆள் யாரு?" என்று கேட்டார். திரையில் இருந்த கட்டங்களில் இன்னும் இரண்டிலும் இடுப்புதான் தெரிந்தது. அவர்களும் தோட்டத்துக்காரர்கள்தான். டாக்டர் சிரிக்காமல், "எல்லாரும் உட்காருங்க, இது பெரட்டு இல்ல" என்றார். அவர் சிங்களப் பெண். எங்கள் பக்கம் வேலை செய்து தமிழ் பழகியவர். காலையில் எங்களை வரிசையில் நிறுத்தி வேலை பிரிக்கிற பெரட்டு என்ற சொல்லை அவர் வாயில் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் பயம் தெளிந்தது.

பாடங்கள் எனக்குப் பிடித்தன. வீடியோவை நிறுத்தி, திருப்பி, மறுபடியும் கேட்கலாம். யாரும் என்னைப் பார்ப்பதில்லை. பிள்ளைகளின் நிறை, தடுப்பூசி, கை கழுவுவது, வயிற்றோட்டம், முதலுதவி என்று ஒவ்வொன்றாக முடித்தேன். விடையைத் தொடுகிற கேள்விகளில் நன்றாகவே செய்தேன். ஆனால் ஒவ்வொரு பாடம் முடியும்போதும் கடைசிப் பரீட்சை ஒரு பாடம் கிட்ட வந்தது.

வகுப்பு இருக்கிற நாட்களில் எனக்குச் சமைக்க நேரம் கிடைக்காது. வீட்டுக்காரருக்குக் கொழும்பில் கடை வேலை. பக்கத்துக் காம்பராவில் அவருடைய அக்கா இருக்கிறார். அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். கொழுந்து மலையில் அவர் கைக்கு ஈடு கொடுக்கிறவர்கள் இன்றைக்கும் குறைவு, வாய்க்கு ஈடு கொடுக்கிறவர்கள் அதைவிடக் குறைவு. வகுப்பு நாட்களில் ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு வந்து வைப்பார். "டாக்டரம்மாவுக்குச் சாப்பாடு" என்று லயம் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொல்லிவிட்டுத்தான் வைப்பார். அவருடைய மகள் வயிற்றுப் பேத்தியும் என் பிள்ளைக் காம்பராவில்தான் இருக்கிறாள்.

பரீட்சை நாளுக்கு விதிகளை முன்பே அனுப்பியிருந்தார்கள். முகம் தெரிய வேண்டும். காதில் எதுவும் மாட்டக் கூடாது, டாக்டரின் குரலும் வெளியே கேட்க வேண்டும். பக்கத்தில் யாரும் இருக்கக் கூடாது. யாராவது விடை சொல்லிக் கொடுத்தால் பரீட்சை ரத்து. எனக்குக் காலை நேரம் கிடைத்திருந்தது. காலையில் மடுவத்தில் ஈ காக்கை இருக்காது. அதனால் தைரியமாக இருந்தேன். பிள்ளைகளை உதவிக்கு இருக்கிற ஆயாவிடம் விட்டுவிட்டு, துவைத்து வெளுத்த சேலையொன்றைக் கட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.

என்னைக் கூப்பிடவில்லை. திரையில், சிறிது நேரத்தில் இணைக்கப்படுவீர்கள் என்று ஒரு வரி வந்தது. அது அப்படியே நின்றது. எனக்கு முன்னால் இருந்தவர்களுக்குக் கவரேஜ் அறுந்து அறுந்து வந்ததாம், ஒவ்வொருவருக்கும் இழுபட்டதாம். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது அந்த ஒரு வரி மட்டும். எழுந்து போனால் அந்த நேரம் பார்த்துக் கூப்பிட்டுவிடுவார்களோ என்று தண்ணீர் குடிக்கக்கூடப் போகவில்லை. பகல் சாப்பாட்டு நேரம் போனது. மேலேயிருந்து மூடுபனி இறங்கி ரோட்டை மறைத்தது. அந்தப் பனிக்குள்ளிருந்து பேச்சுச் சத்தம் வந்தது. பின்னேரக் கொழுந்து நிறுக்க ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள்.

முதுகில் கொழுந்துச் சாக்கும் ஈரம் படாமல் இடுப்பில் கட்டிய படங்குமாக ஒவ்வொருவராக வந்து வரிசை பிடித்தார்கள். நனைந்த பச்சை இலை வாசம் மடுவம் முழுக்க நிறைந்தது.

"யக்கா, வீட்டுக்காரர் மூஞ்சியப் பாக்க இங்க வரைக்கும் வந்துட்டீங்களா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"வெளுத்த சேலையப் பாரு. நம்ம அண்ணன் குடுத்து வச்சவருதான்" என்றாள் அடுத்தவள்.

நான் சிரித்துத் தலையைக் குனிந்துகொண்டேன். அந்த நேரம் நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரு வசனம்தான். எனக்குப் பரீட்சை, கொஞ்சம் சும்மா இருங்கள். அவ்வளவுதான். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கணக்கப்பிள்ளை வந்து தராசைச் சரிபார்த்தார். லொறியும் வந்தது, பின்பக்கமாகத் திருப்பி நிறுத்தினார்கள். முதல் சாக்கைத் தராசில் மாட்டுகிற நேரம், ஃபோனில் டாக்டரின் முகம் வந்தது.

மன்னிப்புக் கேட்டார், தாமதமாகிவிட்டது என்றார். அவர் முகமும் களைத்திருந்தது. நான் உட்கார்ந்தபடியே வணக்கம் சொன்னேன். முதல் கேள்வி வயிற்றோட்டம் வந்த பிள்ளைக்கு என்ன கொடுப்பது என்று. தெரிந்ததுதான். சொன்னேன். "கேக்கல்ல, சத்தமா சொல்லுங்க" என்றார். மறுபடி சொன்னேன். எனக்குப் பின்னால் கணக்கப்பிள்ளை நிறையைக் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தார். "இன்னும் கேக்கல்ல" என்றார் டாக்டர்.

என் அண்ணி அப்போதுதான் வரிசையில் வந்து சேர்ந்திருந்தார். ஃபோனையும் என் முகத்தையும் பார்த்தார், விஷயம் புரிந்துவிட்டது. நேரே கணக்கப்பிள்ளையிடம் போனார்.

"ஐயா, கொஞ்சம் நிறுப்ப நிறுத்துங்க. எங்க புள்ளைக்குப் பரீட்ச."

"லொறி போகணுமே" என்றார் கணக்கப்பிள்ளை.

"லொறி எங்க போயிரும், ஃபேக்டரிக்குத்தானே. ஃபேக்டரி அங்கேயேதான் இருக்கும்."

கணக்கப்பிள்ளை என்னைப் பார்த்தார். பிறகு தராசில் தொங்கிய சாக்கை இறக்கி வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கணக்கப்பிள்ளையின் பேத்தியும் என் காம்பராவில்தான் வளர்ந்தாள். அண்ணி வரிசையைப் பார்த்துக் கையைக் காட்ட, ஒருவர் பின் ஒருவராகப் பேச்சு அடங்கியது. தகரத்திலிருந்து பனி சொட்டுகிற சத்தம்தான் கேட்டது.

நிறுக்கிற சத்தமே பரவாயில்லை என்று நினைத்தேன். இப்போது அத்தனை கண்ணும் என் முதுகில் இருந்தன.

வயிற்றோட்டக் கேள்விக்கு மூன்றாவது தரமாகச் சொன்னேன். டாக்டர் தலையாட்டினார். கை கழுவுவதைப் பற்றிக் கேட்டார், அதையும் சொன்னேன். பிறகு கடைசிக் கேள்வி. இதற்குத்தான் கூடப் புள்ளி என்றும், இதில் தவறினால் மற்றது சரியாக இருந்தும் பயனில்லை என்றும் முன்பே சொல்லியிருந்தார்கள்.

"உங்க பிள்ளைக் காம்பராவில ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல். திடீரென்று வலிப்பு வருது. நீங்க என்ன செய்வீங்க, என்ன செய்ய மாட்டீங்க?"

எனக்குத் தெரியும். அந்தப் பாடத்தை எத்தனை தரம் கேட்டேன் என்று எனக்கே கணக்கில்லை. ஆனால் வாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது. திரையில் என் முகம் சிறிய கட்டத்தில் தெரிந்தது, உதடு அசைகிறது, சத்தமில்லை. டாக்டர் காத்திருந்தார். பின்னால் யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

அப்போதுதான் என் அண்ணிக்குப் பொறுக்கவில்லை.

"கவ்வாத்துக் கத்தியக் கைல குடுக்கணும்னு சொல்லு புள்ள" என்றார்.

இரகசியமாகச் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார். அவர் குரல் மலையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் போகிற குரல். "ஆமா, இரும்பு" என்றாள் இன்னொருத்தி. "கரண்டிய வாயில வைக்கணும், நாக்கக் கடிச்சிரும்" என்று வேறொரு குரல். எங்கள் லயங்களில் வலிப்பென்றால் முதலில் ஓடுவது இரும்புக்குத்தான். தேயிலை வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி எல்லா வீட்டிலும் இல்லாவிட்டாலும் பக்கத்து வீட்டில் இருக்கும். அதைப் பிள்ளையின் கைக்குள் திணித்துப் பொத்திப் பிடிப்பார்கள்.

டாக்டரின் முகம் மாறியது.

"யார் சொல்லிக் குடுக்கிறது?"

பரீட்சை ரத்து என்ற விதி கண் முன்னால் வந்தது. நாளைக் காலையில் பெரட்டில் என் பெயரையும் மலைக்குக் கூப்பிடுவார்கள் என்று நினைத்தேன். என் பாயில் தூங்குகிற பிள்ளைகள், அந்த உயர்தரம் படித்த புள்ள, எல்லாம் ஒரே நேரத்தில் மனதில் வந்தன. டாக்டர் மறுபடியும் கேட்டார். இந்தத் தரம் கேள்வி வேறு.

"நான் ஒரு பதில் கேட்டன். அது உங்க பதிலா?"

ஆமாம் என்றால் பிழையான விடை. இல்லை என்றால் வேறொருவர் சொல்லிக் கொடுத்ததை நானே ஒத்துக்கொண்டதாகும். அதோடு, எனக்காகத் தராசை நிறுத்தியவரை அத்தனை பேர் முன்னால் பிழை என்று சொல்ல வேண்டும். அண்ணி அந்த விடையை எங்கேயோ கேட்டுச் சொல்லவில்லை. அவர் மகனுக்குச் சின்ன வயதில், நான் கலியாணமாகி வந்த புதிதில், வலிப்பு வந்தது. அவர் கையாலேயே செய்தது அது. அவன் பிழைத்து, வளர்ந்து, இன்றைக்குக் கொழும்பில் வேலை செய்கிறான்.

"இல்லைங்க மிஸ்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "அது எங்க அண்ணி சொன்னதுங்க. பிழையான பதில்."

அண்ணியின் பக்கம் நான் திரும்பவில்லை.

டாக்டர் ஏதோ குறித்துக்கொண்டார். பிறகு, "பிழையைச் சொல்லிக் குடுத்தா அதை உதவின்னு எடுக்க ஏலாதுதானே" என்றார். சிரித்தாரா என்று தெரியவில்லை, படம் உறைந்து உறைந்து வந்தது. "அங்க எத்தனை பேர் இருக்காங்க? ஃபோனைத் திருப்பிக் காட்டுங்க."

திருப்பினேன். சாக்கும் தலைத்துண்டுமாக நின்றவர்கள் ஃபோனைப் பார்த்ததும் நிமிர்ந்து நின்றார்கள். கணக்கப்பிள்ளை தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"சரி. இப்ப எனக்குச் சொல்ல வேணாம். அவங்களுக்குச் சொல்லுங்க. அவங்களுக்கு விளங்கினா உங்களுக்குப் புள்ளி."

நான் எழுந்து நின்றேன். இந்தத் தரம் பழக்கத்தில் எழவில்லை. உட்கார்ந்தால் சொல்ல முடியாது என்று தோன்றியது. ஃபோனைத் திண்டில் வைத்துவிட்டு அவர்கள் பக்கம் திரும்பினேன்.

பிள்ளைக் காம்பராவில் பேசுகிற மாதிரிப் பேசினேன். எனக்குத் தெரிந்த ஒரே பேச்சு அதுதான். பிள்ளையைத் தரையில் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், அப்போதுதான் எச்சிலும் வாந்தியும் வெளியே வரும், மூச்சை அடைக்காது என்றேன். பக்கத்தில் கல், அடுப்பு, கட்டை எது இருந்தாலும் தள்ளி வைக்க வேண்டும். சட்டையைத் தளர்த்த வேண்டும். துடிக்கிற கைகாலை அமுக்கிப் பிடிக்கக் கூடாது. வாயில் எதையும் வைக்கக் கூடாது, தண்ணீரும் கூடாது, கரண்டியும் கூடாது. எவ்வளவு நேரம் இழுக்கிறது என்று மணியைப் பார்க்க வேண்டும். அதற்குள் ஒருவர் வாகனத்துக்கு ஓட வேண்டும், வலிப்பு நின்றாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

"எம் மவனுக்கு நின்னுச்சே" என்றார் அண்ணி. சண்டைக்குக் கேட்கவில்லை. கேட்காமல் இருக்க முடியாமல் கேட்டார்.

"அது தன்னால நிக்கிறது அண்ணி. அன்னைக்கு நீங்க அவன மடியில ஒருக்களிச்சுப் போட்டு, முந்தானையால வாயத் தொடச்சுக்கிட்டே இருந்தீங்க. நான் பக்கத்துல நின்னேன். அதுதான் சரி. நீங்க செஞ்சதுல அதுதான் சரி."

அண்ணியின் முகம் கொஞ்சம் இளகியது. அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். திண்டிலிருந்து டாக்டரின் குரல் வந்தது.

"கத்தி ஏன் கூடாது? காரணம் சொல்லுங்க."

அந்தக் காரணம் எங்கள் லயத்தில் எல்லாருக்கும் தெரியும். அவர் மகனின் வலது உள்ளங்கையில் குறுக்காக ஒரு தழும்பு உண்டு. அந்தக் கையில் இரண்டு விரல் இன்றைக்கும் முழுதாக மடங்காது. யாரும் அதைப் பற்றி அண்ணியிடம் பேசியதில்லை. உயிர் போகாமல் கை போனது பெரிதா என்றுதான் அவரே சொல்வார். வேறு காரணம் ஏதாவது கிடைக்குமா என்று தேடினேன். துருப்பிடித்திருக்கும் என்று சொல்லலாம். அது பாதிப் பதில்.

"கை வெட்டுப்படும்" என்றேன். "பிள்ளை தெரியாம இறுக்கிப் புடிக்கும். நரம்பு போயிரும்."

யாரும் அண்ணியைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததுதான் அவருக்கு வலித்திருக்கும். அவர் குனிந்து தன் சாக்கின் கட்டை அவிழ்த்தார், மறுபடி கட்டினார்.

டாக்டர் நன்றி சொல்லி, முடிவு செய்தியாக வரும் என்றார். படம் போய்விட்டது. கணக்கப்பிள்ளை தொப்பியைப் போட்டுக்கொண்டு அடுத்த சாக்கைக் கூப்பிட்டார்.

அந்திக்குள் செய்தி வந்தது. சித்தி. மூன்று தரம் வாசித்தேன். வீட்டுக்காரருக்குச் சொன்னேன், அவர் கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டார் போல, பின்னால் கைதட்டல் கேட்டது. லயத்துப் பெண்கள் வந்து வாழ்த்தினார்கள். அண்ணி கடைசியாக வந்தார். உள்ளே வரவில்லை, நிலையில் சாய்ந்து நின்றார்.

"பாஸாமே."

"ஆமாண்ணி."

"எம் மவன் கைய வச்சு பாஸாயிட்ட" என்றார்.

அவர் தன் காம்பராவுக்குப் போய்க் கதவைச் சாத்தினார். வேலை நிலைத்துவிட்டது, அதற்காக அத்தனை மாதம் நெஞ்சு அடித்துக்கொண்டது, ஆனால் நான் சுவரின் அந்தப் பக்கச் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். பாத்திரம் கழுவுகிற சத்தம் தவிர ஒன்றும் வரவில்லை.

மறுநாள் காலையில் பெரட்டுக்கு முன்னால் தாய்மார் பிள்ளைகளைக் கொண்டு வந்து விட்டார்கள். அண்ணியின் மகளுக்குக் காய்ச்சல், அதனால் பேத்தியை அண்ணியே தூக்கி வந்தார். வழக்கமாக என் கையில் கொடுப்பவர், அன்றைக்கு நேராகப் போய்ப் பாயில் இறக்கினார். போகத் திரும்பியவர் நின்றார். பின்னால் இன்னும் இரண்டு தாய்மார் இருந்தார்கள்.

"எந்தப் பக்கமா ஒருக்களிக்கணும்? அதச் சொல்லாம விட்டுட்டியே."

கேட்ட விதத்தில் குற்றம் பிடித்த மாதிரி இருந்தது. நான் பாயில் உட்கார்ந்து பிள்ளையை இடப்பக்கமாகப் படுக்க வைத்தேன். மேல் காலை மடித்து, கையைக் கன்னத்துக்குக் கீழே கொடுத்து, முகத்தைக் கொஞ்சம் கீழே சாய்த்துக் காட்டினேன். விளையாட்டென்று நினைத்து அது கண்ணை மூடிக்கொண்டது. அண்ணி குனிந்து பார்த்தார். பிறகு பிள்ளையை நிமிர்த்தி உட்கார வைத்துவிட்டு, நான் செய்தது போலவே தானே ஒருதரம் படுக்க வைத்தார்.

"கால் இன்னும் கொஞ்சம் மடியணும் அண்ணி."

"தெரியுது, தெரியுது" என்று மடித்தார்.